அம்பாசடர், பியட், ஹெரால்டு: குமரிக் கடற்காற்றுக்கு எது தாங்கும்?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் அது சரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது காலடித் தகரத்தை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கிற ஊர் இது. மழை விட்டாலும் காற்றில் உப்பு விடாது. எஞ்சின் எந்த நிலையில் இருந்தாலும் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ஸ்லீவ் இறக்கி, கிராங்கை அரைத்து ஓட வைத்துவிடலாம். துரு தின்ற பாடியில்தான் பணம் கரையும். அதனால் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றையும் தகரத்தை முன்னால் வைத்தே ஒப்பிடுகிறேன்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் உழைத்த ஜீப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் பாதிக்கு எது எந்த வண்டியின் பாகம் என்று உரிமையாளருக்கே தெரியாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அம்பாசடரின் கதை எல்லோருக்கும் தெரியும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் வந்தது. வாங்குபவருக்கு அதுதான் லாபம். மார்க் 2 என்ற பழைய மாடலுக்கு வேண்டிய பல சாமான்களைப் பிற்காலத்து அம்பாசடரிலிருந்து கழற்றிப் போடலாம், சென்னை புதுப்பேட்டையில் தேடினால் மிச்சமும் கிடைக்கும். டாக்ஸி ஓடிய காலத்தில் கை பழகிய மெக்கானிக்குகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள்.

1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் இரும்பு, அதன் மேல் மூடியான ஹெட்டும் இரும்பு. கொஞ்சம் சூடேறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் ஹெட்டில் வால்வு வந்து அமரும் சீட்டைத் தேயாமல் காத்து வந்தது. இப்போதைய பெட்ரோலில் நீண்ட தூரம் ஓட்டினால் சீட் தேய்ந்து, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். எப்படியும் ஹெட்டை இறக்கப் போகிறீர்கள் என்றால், அப்போதே கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

அம்பாசடருக்குத் தனி சேஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் பின்முனை வந்து பிடிக்கிற குறுக்குச் சட்டம், கதவுக்கடியில் ஓடும் சில், பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம் ஆகிய மூன்றும் உறுதியாக இருந்தால் மற்றதெல்லாம் டிங்கரிங் வேலைதான். சட்டம் அரித்திருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பியட். 1100 டிலைட், அப்புறம் 1974 முதல் பிரீமியர் பத்மினி. ஓட்டுகிற சுகத்தில் அம்பாசடர் இதன் பக்கத்தில் வராது என்பது என் கட்சி. ஸ்டியரிங் லேசு, ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும் கியர் வெண்ணெய்யாக விழும், 1089 சிசி எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றும். தக்கலை சந்தைப் பக்க நெரிசலில் திருப்பி எடுக்கவும் இதுதான் வசதி.

ஆனால் நம் ஊரில் இதற்கு இரண்டு எதிரிகள். தகரம் மெல்லிசு என்பது ஒன்று. மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை: தண்ணீர். பியட்டின் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. கடலோரக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் ஹெட்டை இறக்கிக் கவிழ்த்துப் பாருங்கள். காஸ்கெட் அமரும் முகத்தில் தண்ணீர்த் துளைகள் வட்டம் கெட்டு, ஓரம் வெள்ளை மாவாக உதிரும். நகத்தால் சுரண்டினாலே பள்ளம் விழும். பள்ளம் சிலிண்டர் பக்கம் வரை போயிருந்தால், லேத்தில் முகம் சீவியும் பயனில்லை. வெல்டிங் வைத்து நிரப்பிச் சீவ வேண்டும், இல்லையென்றால் வேறு ஹெட் தேட வேண்டும். பியட் பார்க்கப் போனால் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கூலண்ட் நிறம் இருந்தால் உரிமையாளர் கவனித்து வைத்திருக்கிறார். செங்காவி நிறம் இருந்தால் விலை பேசும்போது ஹெட் வேலைக்கும் சேர்த்துக் குறையுங்கள்.

ஹெரால்டு மூன்றிலும் வித்தியாசமான பிறவி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் 1971 வரை சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்தது. வடிவம் இத்தாலியின் மிக்கெலோட்டி போட்டது. இதற்குத் தனி சேஸ் உண்டு, பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் பிணைந்தது. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், டயர் மேல் உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். துரு பிடித்த துண்டைக் கழற்றி வேலை செய்து திரும்ப மாட்டலாம் என்பதால், கணக்குப்படி நம் கடற்காற்றுக்கு இதுவே ஏற்ற வண்டி. கணக்கு பொய்க்கும் இடம் சந்தை. பாடித் துண்டு இங்கே கிடைக்காது. எஞ்சின், பிரேக் சாமான்களை இங்கிலாந்தில் டிரையம்ப் பாகம் விற்பவர்களிடம் வரவழைக்கலாம். கப்பல் செலவும் சுங்கமும் சாமான் விலையைத் தாண்டும். முன் சக்கரத்தின் அடியில் உள்ள டிரனியனுக்கு, அதாவது சக்கரம் திரும்பும் மரை போட்ட மூட்டுக்கு, கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாத பட்டறையில் பல வருடம் கிரீஸ் அடித்திருந்தால், திருகு மரை காய்ந்து ஒருநாள் திரும்பும்போது சக்கரம் மடங்கிவிடும். சொந்தமாகக் கை வைக்கத் தெரிந்தவருக்கு ஹெரால்டு. பட்டறையில் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பவருக்கு வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போல் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால் அம்பாசடர். திருவட்டார், குலசேகரம் என்று உள்ளே தள்ளி, மூடிய ஷெட்டும் இருந்தால் தயங்காமல் பியட்.

எதுவானாலும் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சில் நெடுக இழுத்துக்கொண்டே வந்தால், தகரம் உள்ள இடத்தில் பிடிக்கும், பட்டி தடித்த இடத்தில் நழுவும். “அண்ணாச்சி, வண்டி புதுசு மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்கு” என்று விற்பவர் சொன்னால் கூடுதலாக நான்கு முறை இழுத்துப் பாருங்கள். பழைய துருவின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டி வெல்டிங் வைப்பது இங்கே வழக்கம். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, இரண்டு மழையில் பெயிண்ட் குமிழியிடும். அரித்த பாகத்தை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகரம் வைக்கச் சொல்ல வேண்டும். பெயிண்ட் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டிய தகரத்துக்கு அன்றைக்கே பிரைமர் விழ வேண்டும், ஒரு ராத்திரி விட்டால்கூட நம் காற்றில் சிவந்துவிடும்.

பெட்ரோல் விஷயம் மூன்றுக்கும் பொது. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாயையும், டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் ஏசி பம்பின் டயஃப்ரத்தையும் ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை மாற்றுங்கள். வண்டி ஓடாமல் கிடக்கும் மாதங்களில் டேங்கில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

விற்கும்போது விலையைத் தீர்மானிப்பது காகிதம். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிக்கு, மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் ‘விஏ’ வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயதைக் கடந்துவிட்டன. ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் மாற்றாத வண்டியாக இருக்க வேண்டும். டாக்ஸிக்காக டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர்கள் இங்கேதான் அடிபடும். இன்னொன்று, இந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவும் கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கல்யாண வாடகை ஆசையில் வாங்குபவர்கள் இதை முன்னமே யோசிக்க வேண்டும்.

களியக்காவிளை தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஒப்பிட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.