வகிடு அகன்ற பிறகு எது சரி: ஒட்டுகிற பேட்ச்சா, மாட்டுகிற டாப்பரா?

மாதவிடாய் நிற்கிற வயதில் உச்சி மெலிந்து வருகிற பெண்களுக்கு பார்லரில் கொடுக்க முடிந்தவை இவ்வளவுதான்: முடியை வெட்டி அடர்த்தியாகக் காட்டுவது, ஹேர் ஃபைபர் என்கிற முடி போன்ற பொடியைத் தூவுவது, சவுரி வைப்பது, பசையோ டேப்போ போட்டு பேட்ச் ஒட்டுவது, கிளிப் வைத்த டாப்பரை மாட்டுவது. கடைசி இரண்டும் உச்சியை மட்டும் மூடுகிற முடித் துண்டுகள், அவற்றில்தான் உண்மையான போட்டி. நாங்கள் டாப்பர் பக்கம் நின்றுவிட்டோம், பேட்ச் ஒட்டுவதில்லை. பேட்ச் பார்க்க மோசமாக இருக்கும் என்பதற்காக அல்ல. ஒட்டிய முதல் நாள் டாப்பரைவிட அதுதான் இயல்பாகத் தெரியும். வித்தியாசம் பராமரிப்பில் இருக்கிறது.

எதைப் பரிந்துரைக்கும் முன்பும் தலையைப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது முடி வளரும் பருவம் சுருங்குகிறது. வேர் ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிட மெல்லிய முடியைத் தருகிறது. நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலும். இதை லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977இல் மூன்று படியாகப் பிரித்தார். முதல் படியில் வகிடு சற்று அகன்றிருக்கும், இரண்டாவதில் உச்சித் தோல் நன்றாகத் தெரியும், மூன்றாவதில் உச்சி ஏறக்குறைய வெறுமையாகிவிடும். கைப்பிடியில் ஐம்பது அறுபது முடியைப் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்தல் இப்போதும் நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் டெங்கு, ஆபரேஷன், கடுமையான டயட் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். அதனால் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானாகவே திரும்ப வரும், அதற்கு டாப்பர் விற்பது தவறு.

நெற்றிக் கோடே பின்வாங்கி, புருவமும் மெலிந்து, அந்தத் தோல் வழவழப்பாகத் தெரிந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் தழும்பு வகை முடி உதிர்வு அது. வேர் அழிந்துவிட்டால் திரும்பாது, சீக்கிரம் பார்த்தால் மேலும் பரவாமல் நிறுத்தலாம். வட்டமாகக் கொட்டுவது, எரிச்சல், சீழ், திடீரென்று முகத்தில் ரோமம் கூடிக் குரல் தடிப்பது இவையும் டாக்டரிடம் அனுப்ப வேண்டியவைதான். வட சென்னையில் இருக்கிற நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கும்போது தள்ளிப்போடக் காரணமே இல்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சத்து இருப்பு) பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள். மருந்து பெயர் எழுதிக் கொடுப்பது நம் வேலை இல்லை.

சின்ன வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் படிக்கு வெட்டு போதும். நுனியை இரண்டு மூன்று அங்குலம் எடுத்து ஒரே மட்டமாக வெட்டினால் கீழே கனம் தெரியும். லேயர் போட்டால் இருக்கிற கனமும் போய்விடும். வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் சற்று வளைத்து எடுங்கள். கன்னங்கரேல் டைக்குப் பதில் அடர் பழுப்பு போட்டால் தோலுக்கும் முடிக்கும் உள்ள வேறுபாடு குறையும். பல வருடம் ஒத்துக்கொண்ட டை என்றாலும் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஹேர் ஃபைபர் ஒரு கல்யாணத்துக்கு, ஒரு போட்டோவுக்குச் சரி. சித்திரை வெயிலில் வியர்த்தால் கட்டிகட்டியாகி ரவிக்கைக் கழுத்தில் இறங்கிவிடும். சவுரி ஜடையைத்தான் தடிமனாக்கும், உச்சிக்கு ஒன்றும் செய்யாது. அதன் கனம் முழுவதையும் மெலிந்த முடிதான் தாங்க வேண்டும். காதோரம் ஏற்கெனவே பின்வாங்கியிருந்தால் சவுரியை விடச் சொல்லுங்கள்.

இப்போது பேட்ச். டேப்பின் பிடி மூன்று, நான்கு வாரம்தான். வருடத்துக்கு 13 முதல் 17 முறை கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கரைப்பான் ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் பொறுக்காமல் இழுத்தால் அடியில் இருக்கிற சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பல இடங்களில் நன்றாக ஒட்டுவதற்காக உச்சியை மழிக்கவும் சொல்கிறார்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். மழித்தது தோள்வரை வர இரண்டரை, மூன்று வருடம் ஆகும், அதுவும் முன்னைவிட மெலிந்து. ஐம்பது வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் மழிப்பது அநியாயம்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். இந்த வயதுப் பெண்ணின் உச்சந்தலை தினமும் அவள் கைக்கு எட்ட வேண்டும்.

முடி வளரத் தடவுகிற மினாக்சிடில் மருந்தை டாக்டர் எழுதினால் அது முடிக்கு அல்ல, தோலுக்கு. பெண்களுக்கு வழக்கமாக 2 சதவீத மருந்து என்றால் நாளைக்கு இருமுறை ஒவ்வொரு மில்லி, 5 சதவீத நுரை என்றால் ஒருமுறை. காய்ந்த தலையில் தடவி முழுக்க உலர விட வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். மேலே பேட்ச் ஒட்டியிருந்தால் மருந்து எங்கே இறங்கும்? ஓரத்தில் தடவினால் அதிலிருக்கிற ஆல்கஹால் டேப்பை இளக்கிவிடும். பேட்ச் மருந்தைத் தடுக்கும், மருந்து பேட்ச்சைக் கெடுக்கும். கடைசியில் மருந்தைத்தான் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் பேட்ச்சுக்குத்தான் அதிகப் பணம் கொடுத்திருப்பார்கள்.

எண்ணெயும் அப்படியே. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் வைக்காமல் இருக்கவே முடியாத தலைமுறை இது. பசைக்கு எண்ணெய் எதிரி. இன்னொன்று, இந்த வயதில் திடீரென்று உடம்பில் அனல் ஏறி தலையெல்லாம் வியர்க்கும். ஒட்டியதைக் கழற்ற வழியில்லை. அடியில் ஈரம் தங்கி அரிக்கும், கொப்புளம் வரும், வாடையும் வரும். டாப்பரை எடுத்து மடியில் வைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். தொழுகைக்கு முன் உளூ செய்யும்போது தலையைத் தடவ வேண்டிய பெண்களுக்கும் கழற்றக் கூடியதே வசதி.

பிறகு தண்ணீர். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. பேட்ச் தலையோடு இருப்பதால் அந்தத் தண்ணீரில்தான் குளித்தாக வேண்டும். வேரிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறாத முடி அது. உப்பு படிந்தால் சில மாதத்திலேயே நார் போலாகும். டாப்பர் என்றால் நான்கு லிட்டர் கேன் தண்ணீரில் தனியாக அலசிவிடலாம்.

டாப்பரும் தானாக நன்றாக அமைந்துவிடாது. முக்கியமான தவறு அளவில் நடக்கிறது. மெலிந்த இடத்தை மட்டும் மூடுகிற அளவில் வாங்கினால், கிளிப் விழுவதும் அதே மெலிந்த முடியில்தான். அங்கே இருக்கிற கொஞ்சமும் பிய்ந்துவிடும். தலையில் சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்கி வைத்து, மேலே செலோ டேப் ஒட்டி, மெலிந்த பகுதியை மார்க்கரால் வரையுங்கள். சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். மெலிந்தது 3க்கு 4 அங்குலம் என்றால் டாப்பரில் முடி பதித்திருக்கும் அடித்தளம் 5க்கு 6. காற்று போகிற மோனோ அல்லது லேஸ் (மெல்லிய வலைத் துணி) அடித்தளம் வேண்டும். ரப்பர் போன்ற பாலியூரித்தேன் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. அடர்த்தி அதிகமான, 20 அங்குல டாப்பரை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். கனம் கூடக்கூட கிளிப் இழுக்கும். 12 முதல் 16 போதும். நிறத்தை வேரோடு ஒப்பிடாதீர்கள், நடு முடியோடும் நுனியோடும் ஒப்பிடுங்கள். மருதாணி வைக்கிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

மாட்டும்போது நெற்றிக் கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் முன் கிளிப்பைப் போடுங்கள், பிறகு பின் கிளிப், கடைசியில் பக்கங்கள். முன்னால் விட்ட சொந்த முடிதான் விளிம்பை மறைக்கும். வகிட்டில் குங்குமம் வைக்கவும் அந்த இடம்தான். குங்குமம் அடித்தளத்தில் பட்டால் கறை போகாது. கிளிப் இருக்கும் இடத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை அரை அங்குலம் நகர்த்துங்கள். இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். ஜடை பின்னினால் டாப்பர் முடியும் இடத்தில் நுனிகள் துருத்தும். ஒரு சொட்டு சீரம் தடவி, பூச்சரத்தை அங்கே வைத்தால் தெரியாது. பூ ஊசியைச் சொந்த முடியில் குத்துங்கள், அடித்தளத்தில் குத்தினால் லேஸ் கிழியும்.

ஏழெட்டு முறை போட்டதும் அலசலாம். சிக்கை நுனியிலிருந்து எடுத்துவிட்டு, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சல்பேட் இல்லாத ஷாம்பு கரைத்து, மேலிருந்து கீழாக முக்கி எடுங்கள். கசக்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். கண்டிஷனர் பாதிக்குக் கீழேதான். அடித்தளத்து முடிச்சில் பட்டால் முடி நழுவி உதிரும். கவிழ்த்த குடத்தின் மேல் துண்டு விரித்து நிழலில் உலர்த்துங்கள். தினமும் போட்டால் ஏறக்குறைய ஒரு வருடம் வரும்.

மூன்றாம் படிக்கு வந்தவர்களுக்கு கிளிப் பிடிக்க முடி இருக்காது. அவர்களுக்குப் பேட்ச்சா முழு விக்கா என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு எங்களுக்கு அனுபவம் இல்லை. விக் பக்கம்தான் மனம் சாய்கிறது. முழுக்க நரைத்த தலைக்கு நிறம் பொருத்துவதிலும் கை இன்னும் பழகவில்லை.

டாப்பரை முதலில் மாட்டிப் பார்ப்பதை மற்றவர்கள் இருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், "சொட்டை" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். வகிட்டை மேலிருந்து போட்டோ எடுத்து அவர் போனிலேயே வைக்கச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில். மினாக்சிடில் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் முடி இன்னும் கூடுதலாகக் கொட்டலாம். அப்போது பயந்துபோய் உங்களிடம்தான் வருவார்கள். "இது நடக்கிறதுதான்க்கா, டாக்டரைக் கேட்காம நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த போட்டோவை எடுத்துக் காட்டுங்கள்.