தானித் தலைக் காசு: ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்ற தரத்தை நம்பி ஏமாந்தேன்

வட ஆப்பிரிக்காவின் பண்டைய நகர அரசான கார்த்தேஜின் நாணயங்களைப் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், எனக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

சென்ற ஆண்டு இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 160 யூரோவுக்கு ஒரு வெண்கலக் காசு வாங்கினேன். முன்பக்கத்தில் கதிர்மாலை சூடிய, கார்த்தேஜியர் வணங்கிய தானித் தேவியின் தலை. பின்பக்கத்தில் பேரீச்ச மரத்தை ஒட்டி நிற்கும் குதிரை. இந்த வகை அரிதன்று. தேய்ந்த காசு மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். நான் கொடுத்த பணம் முழுக்க ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்ற தரத்துக்குத்தான். அதாவது, மேடான இடங்களில் மட்டும் இலேசான தேய்மானம் இருக்க வேண்டும்.

காசு கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தேன். தேவியின் கன்னமும் காதோரமும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஆனால் அவற்றுக்குச் சற்று மேலேயுள்ள கூந்தல் இழைகள் மட்டும் கூராகத் தெரிந்தன. அச்சில் அடித்த இழை மேடாக எழுந்து, காலப்போக்கில் மழுங்கியிருக்கும். இதிலோ இழைகளுக்கிடையே உளியால் பள்ளம் தோண்டி, குதிரையின் பிடரியையும் அவ்வாறே புதிதாக வரைந்திருந்தார்கள். சேகரிப்பாளர்கள் ‘டூலிங்’ என்று சொல்லும் வேலை இதுதான். பள்ளங்களை மறைத்திருந்த மணல்நிறப் பூச்சு, அசிட்டோனில் ஊறவைத்ததும் பசையோடு கரைந்து வந்துவிட்டது. அதனடியில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. குளோரைடும் ஈரமும் சேர்ந்து வெண்கலத்தை அரிக்கும் நோய் அது.

திருப்பி அனுப்புகிறேன் என்றபோது, தரம் என்பது அவரவர் கருத்து என்று விற்பனையாளர் மறுத்துவிட்டார். அச்சு மங்கலாக விழுந்ததா, புழக்கத்தில் தேய்ந்ததா என்பதில் கருத்து வேறுபடலாம். சிசிலிப் போர்களில் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க ஏராளமான காசுகளை அடித்த கார்த்தேஜின் நாணயங்களில் அந்தக் குழப்பம் இயல்பானதே. அதனால்தான் அச்சடிப்புக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் வழக்கமும் உண்டு. ஆனால் உளி பட்டதைச் சொல்லாமல் விற்பது கருத்து வேறுபாடு அன்று, மோசடி.

விளம்பரப் படம் நேர் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது, அதனால் உளித்தடம் அதில் தெரியவில்லை. பக்கவாட்டு ஒளியில் ஒரு படமும், காசின் விளிம்புப் படமும், ‘உளிவேலை இல்லை, இருந்தால் திருப்பி எடுப்பேன்’ என்ற எழுத்துறுதியும் கேளுங்கள். இவற்றைத் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.