ஸ்பேனர் கேட்காத நட்டு: எட்டு மாதம் கையாண்ட பிறகு

ஆங்கிள் கிரைண்டரில், அதாவது டிஸ்க்கைச் சுழற்றி இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் செய்கிற கைமெஷினில், டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் நட்டை மட்டும் தனியாக வாங்கினேன் என்றதும் என் தங்கை மகன் சிரித்துவிட்டான். "மாமா, மெஷினோடயே ஒண்ணு வருதே, அது போதாதா?" போதும்தான். கூடவே வரும் இரண்டு முள் ஸ்பேனரும் போதும். ஆனால் தேடும்போது அந்த ஸ்பேனர் கிடைக்க வேண்டும், கிடைத்தபின் நட்டு கழல வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடப்பது என் பட்டறையில் அபூர்வம்.

நான் தொழில்முறை வெல்டர் இல்லை. பழைய இரும்புக் கட்டில், உடைந்த கேட் சட்டம் இவற்றை அறுத்து அலமாரியும் பூந்தொட்டி ஸ்டாண்டும் செய்கிற ஆள். என்னிடம் இருப்பது 125 மி.மீ. கிரைண்டர், நிமிடத்துக்கு 11,000 சுற்று, ஸ்பிண்டில் (டிஸ்க்கைச் சுழற்றும் தண்டு) மரை எம்14, அதாவது 14 மி.மீ. ஓர் அலமாரி முடிவதற்குள் இருபது முறையாவது டிஸ்க் மாற்றுவேன். அறுக்க 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், வெல்டிங் மேட்டைத் தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க், கடைசியில் வழவழப்புக்கு ஃபிளாப் டிஸ்க். அதனால்தான் கையாலேயே இறுக்கிக் கழற்றும் இந்த நட்டு.

பார்க்கச் சாதாரண நட்டைவிடக் கொஞ்சம் உயரம். தலையில் பிறை மாதிரி மடங்கும் ஒரு காது. அதை நிமிர்த்தினால் விரலால் பிடித்துத் திருகலாம், மடக்கினால் நட்டுக்குள் படிந்துவிடும். சாதாரண நட்டு ஓட ஓடத் தானே இறுகும், வேலை முடிந்து சூடாக இருக்கும்போது கழற்றப் போனால் வீம்பு பிடிக்கும். முன்பு ஒருமுறை அப்படிச் சிக்கிய நட்டைச் சுத்தியலும் உளியுமாகத் தட்டிக் கழற்றி, தண்டு சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்பிண்டில் பூட்டின் ஊசியையே வளைத்திருக்கிறேன். அந்த மெஷின் அதோடு போனது. இந்த நட்டு உள்ளே இரண்டு துண்டு. திருப்பினால் முதலில் டிஸ்க்கின் மீதுள்ள அழுத்தம் தளர்கிறது, அப்புறம்தான் மரை சுழல்கிறது. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு ஸ்பேனர் தேவைப்படவில்லை. இந்த ஒன்றுக்கே முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. சாதாரண நட்டுக்கு இரண்டு முகம் உண்டு: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நடுவில் மேடு. தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேடு டிஸ்க்கின் துளைக்குள் உட்கார வேண்டும். மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்கு தட்டைப் பக்கம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். 1 மி.மீ. டிஸ்க்குக்கு மேட்டுப் பக்கத்தைப் போட்டால் என்ன ஆகும்? அந்த மேடு போய் உள் ஃபிளாஞ்சின் (டிஸ்க்குக்கு அடியில் ஸ்பிண்டிலில் உட்காரும் தட்டு) மேட்டில் முட்டிக்கொள்ளும். நட்டு இரும்பும் இரும்புமாக இறுகிவிடும், ஸ்பேனரைப் பிடித்த கைக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் டிஸ்க்கை யாரும் பிடிக்கவில்லை, அது இடையில் சும்மா தொங்குகிறது. நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் மட்டும் தயங்கித் தயங்கிச் சுற்றியது. புதிய நட்டுக்கு டிஸ்க்கைத் தொடும் முகம் ஒன்றுதான் என்பதால் இந்தக் குழப்பம் போயிற்று.

ஆனாலும் சோதனையை விடவில்லை. மாட்டி முடித்ததும் ஸ்பிண்டில் பூட்டை அழுத்திக்கொண்டு டிஸ்க்கைக் கையால் திருப்பிப் பார்ப்பேன். அசையக் கூடாது. அப்புறம் பூட்டை விட்டுவிட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றவிட்டு, விளிம்பு தள்ளாடுகிறதா, கார்டில் (டிஸ்க்கைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மூடி) உரசுகிறதா என்று பார்ப்பேன். தள்ளாடினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை. உள் ஃபிளாஞ்ச் ஸ்பிண்டிலின் தட்டை வெட்டில் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் அதற்கடியில் அரத்தூள் அப்பியிருக்கிறது. ஒரு துணித்துண்டு போதும், துடைத்துவிட்டு மறுபடி மாட்டலாம்.

இப்போது குறைக்கு வருகிறேன். குறை நட்டினுடையதா என்னுடையதா என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

பழைய ஸ்பேனரை நான் மின் வயரில், பிளக்குக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டி வைத்திருந்தேன். அது எட்ட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். டிஸ்க் மாற்றுகிற நேரம் முழுக்க பிளக் என் மடியில் கிடக்கும். புதிய நட்டு வந்ததும் ஸ்பேனர் டப்பாவுக்குள் போனது. பத்து விநாடி வேலை, அதற்குப் போய் பிளக்கா என்று கை சோம்பியது. மூன்றாவது மாதம் ஒருநாள் அறுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றுவிட்டது. நீட்டிப்புப் பெட்டியில் தளர்வாக இருந்த பிளக் தானாகக் கழன்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நின்றதுதான் நின்றது, தேய்ந்த டிஸ்க்கையாவது மாற்றுவோம் என்று காதை நிமிர்த்திக் கழற்றி, புதியதை மாட்டி, மடக்கி, மெஷினை மேசையில் வைத்தேன். "மாமா, பிளக் கழண்டு கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே தங்கை மகன் செருகினான். என்னுடையது தள்ளு சுவிட்ச், முன்னால் தள்ளினால் அப்படியே நிற்கும். அது இன்னும் ஓட்டத்திலேயே இருந்தது. மெஷின் மேசையிலிருந்து துள்ளி வைஸில் மோதி, டிஸ்க் மூன்று துண்டாகப் போனது. ஒரு துண்டு சுவர் பூச்சில் பதிந்து நின்றது. அரை நிமிடத்துக்கு முன் என் விரல் அந்த நட்டின் மேல் இருந்தது.

அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பேனர் வயரிலேயே இருந்திருந்தால் பிளக் என் கையில் இருந்திருக்கும், அவன் கைக்குப் போயிருக்காது. கரண்ட் திரும்ப வந்தாலும் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஓடும் என்கிற மெஷின்கள் உண்டு. பிடியை விட்டதும் நிற்கும் துடுப்பு சுவிட்ச் உள்ளவையும் உண்டு. அடுத்த மெஷின் வாங்கும்போது நட்டைவிட முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

நட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறான டிஸ்க்கை அது சரியாக்காது. என் கிரைண்டரில் 125 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 72 மீட்டர் ஓடுகிறது, மணிக்குச் சுமார் 260 கி.மீ. டிஸ்க்கின் மேல் 80 மீ/நொடி, 12,250 சுற்று என்று அச்சிட்டிருக்கிறது. அந்தச் சுற்று எண் மெஷினின் எண்ணைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். தேய்ந்த 180 மி.மீ. டிஸ்க் ஒன்று இருக்கிறது, கார்டைக் கழற்றிவிட்டு மாட்டினால் ஆழமாக அறுக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதன் எல்லை 8,500 சுற்று. புதிதாக, முழு அளவில் இருந்தால் என் மெஷினில் அதன் விளிம்பு நொடிக்கு 104 மீட்டர் போகும். தேய்ந்து சிறுத்தது கொஞ்சம் குறைவாகப் போகும், ஆனால் கார்டு இல்லாத மெஷினை நான் கையில் எடுக்கிறதாக இல்லை. வேறு வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் மனவருத்தம்.

துளையையும் பார்க்க வேண்டும். 115 மி.மீ. முதல் 230 மி.மீ. வரை வழக்கமான துளை 22.23 மி.மீ., சிறிய 100 மி.மீ. மெஷினுக்கு 16 மி.மீ. பெரிய துளை டிஸ்க்கைச் சிறிய ஸ்பிண்டிலில் ஒப்பேற்ற டேப் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் மெஷின் கையை உதறும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பதிந்திருக்கும். அது டிஸ்க்கை எதுவரை பயன்படுத்தலாம் என்பதற்கான தேதி, பிசினால் பிணைத்த டிஸ்க்குகளுக்குப் பொதுவாக உற்பத்தியிலிருந்து 3 வருடம். பிசின் ஈரத்தை உறிஞ்சிப் பலம் இழக்கும். என் டப்பாவின் அடியில் தேதி போன நான்கு கிடந்தன. சும்மா எறிந்தால் யாராவது பொறுக்கி மாட்டுவார்கள் என்று உடைத்தே போட்டேன். தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும் என்பார்களே, அந்தச் சோதனை பெஞ்ச் கிரைண்டரின் பீங்கான் பிணைப்புக் கல்லுக்கு. இந்த மெல்லிய டிஸ்க்கைத் தட்டி ஒன்றும் தெரியாது. விரிசல், விளிம்பில் சிதைவு, வளைவு, கீழே விழுந்த வரலாறு, இவற்றைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

மாட்டிய பிறகு கார்டு எனக்கும் டிஸ்க்குக்கும் இடையில் வருமாறு திருப்பி, டிஸ்க்கின் தளத்தில் யாரும் நிற்காமல், ஒரு நிமிடம் சும்மா ஓட விடுகிறேன். உடைவதாக இருந்தால் கார்டுக்குள் உடையட்டும்.

நட்டின் மற்ற குறைகள் சின்னவை. உயரம் கூடுதல் என்பதால் கோணச் சட்டத்தின் உள்மூலையில் நட்டுத் தலை இடிக்கிறது. ஐந்தாம் மாதம் அரத்தூள் புகுந்து காது முரண்டு பிடித்தது. ஊதிவிட்டு பிரஷ் போட்டதும் சரியானது. காதை மடக்க மறந்து ஓட்டினால் ஏதாவதில் மாட்டி உடையும், அதனால் மடக்கிய பிறகு கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். தடித்த டிஸ்க் போடும்போது நட்டுக்கு எவ்வளவு மரை கிடைக்கிறது என்று பாருங்கள், ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகினால் பழைய நட்டே மேல். பிரேக் உள்ள கிரைண்டராக இருந்தால் அதன் கையேட்டில் இந்த வகை நட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று படித்த பிறகே வாங்குங்கள். ஸ்பிண்டில் சட்டென்று நிற்கும்போது டிஸ்க்கின் வேகம் நட்டைத் தளர்த்தப் பார்க்கும்.

நட்டே வேண்டாம் என்கிற வழியும் இருக்கிறது. 2019இல் போஷ் கொண்டுவந்த எக்ஸ்-லாக் முறையில் டிஸ்க்கை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்த டிஸ்க்கைச் சாதாரண கிரைண்டரிலும் மாட்டலாம், ஆனால் அந்தக் கிரைண்டர் சாதாரண டிஸ்க்கை ஏற்காது. என்னிடம் இருக்கும் டிஸ்க் குவியலைப் பார்த்தால் அந்தப் பக்கம் போவதாக இல்லை.

இன்னொரு நட்டு வாங்குவேனா என்றால், 125க்கு வாங்குவேன். என் நட்டின் உறையில் 125 மி.மீ. வரை என்றுதான் போட்டிருக்கிறது, பக்கத்துப் பட்டறையிலிருந்து 230 மி.மீ. கிரைண்டர் இரவல் வந்தால் அதன் சொந்த நட்டும் ஸ்பேனரும்தான். என் பழைய ஸ்பேனர் மறுபடியும் வயரில் ஏறிவிட்டது. அதற்கு இப்போது திருகுகிற வேலை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டியிருக்கும் கயிற்றில் மெஷினோடு வந்த பழைய நட்டையும் கோத்துவிட்டேன். அதை எடுக்கப் போனால் பிளக் கையோடு வருகிறது.