முப்பது பேர், ஒரு கட்டுரை: கூகுள் டாக்ஸா, பேட்லெட்டா, ஈதர்பேடா?

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். குழுவாகக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை எழுதும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இதை மாற்றத்தான் இணையக் கருவிகள் பக்கம் போனேன். மூன்றைப் பழகிப் பார்த்தேன்.

கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பை 100 பேர் வரை ஒரே சமயத்தில் திருத்தலாம். ஆனால் முப்பது பேரை ஒரே பக்கத்தில் விட்டால் சந்தைக்கடைதான். முதல் நாளே ஒருவன் மொத்தத்தையும் அழித்துவிட்டான், வகுப்பே கத்தியது. பழைய பதிப்பை மீட்க அரை நிமிடம்தான் ஆனது. எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்பதும் அந்தப் பதிப்பு வரலாற்றிலேயே இருக்கிறது. "நானும் எழுதினேன் சார்" என்ற பொய் அதோடு நின்றது.

எனக்கு இன்னும் பிடித்தது அதிலுள்ள பரிந்துரை முறை. ஒருத்தி "எழுத படிக்க" என்று எழுதியிருந்தாள். தோழி நடுவில் ஒரு 'ப்' சேர்க்கச் சொல்லிக் குறித்தாள். ஏற்றுக்கொள்ளும்வரை மூல வரி அப்படியே நிற்கும். "ஏன் ப்?" என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார்கள். வல்லினம் மிகும் இடங்களை நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இதன் தலைவலி கணக்குதான். 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் மேற்பார்வையில் உள்ள கணக்கோ பள்ளி கொடுக்கும் கணக்கோ வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு இருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும்.

பேட்லெட் வேறு மாதிரி. அது அறிவிப்புப் பலகை போல. இணைப்பைத் திறந்து ஆளுக்கொரு அட்டை ஒட்ட வேண்டியதுதான், மாணவருக்குக் கணக்கு தேவையில்லை. சேர்ந்து ஒரே கட்டுரை எழுத இது ஆகாது. ஆனால் தமிழில் தட்டச்சு வராத பிள்ளை நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து ஒட்டலாம், பேசியும் பதியலாம். விஷயம் தெரிந்தும் விசைப்பலகையில் 'ழ' தேடியே பீரியடை முடிப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. பெயரில்லாமல் எழுதலாம் என்பதால் கடைசி பெஞ்சும் வாய் திறக்கிறது. கிண்டலும் அதே வழியில்தான் வரும், எனவே ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே அட்டை தெரியும்படி அமைத்துவிடுங்கள். இலவசக் கணக்கில் சில பலகைகள்தான். நிரம்பினால் பழையதை நீக்க வேண்டும்.

ஈதர்பேடும் டாக்ஸ் போலப் பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும் கருவிதான். 2008இல் வந்தது. அடுத்த ஆண்டே கூகுள் வாங்கியது, பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மூலநிரல் திறந்துவிடப்பட்டது. கணக்கு வேண்டாம், ஆளுக்கொரு நிறம். எழுதிய வரிசையைப் படம்போல ஓட்டிப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெயர் மட்டும் அவரவர் வைத்துக்கொள்வது. எங்கள் வகுப்பில் 'தலைமையாசிரியர்' இரண்டு பத்தி எழுதினார். பொதுச் சேவையகங்களில் இணைப்பு தெரிந்த யாரும் நுழையலாம் என்பதால் மாணவர் விவரம் எதையும் அங்கே போட மாட்டேன்.

கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவோடு மூடப்பட்டது நினைவிருக்கும். எதைப் பயன்படுத்தினாலும் பருவ முடிவில் பிடிஎஃப் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் பீரியடில் பேட்லெட்டில் கருத்துச் சேர்க்கிறோம். அப்புறம் ஐந்து பேருக்கு ஒரு கோப்பாக டாக்ஸ். கடவுச்சொல் கைவிட்ட நாளில் மட்டும் ஈதர்பேட். மூன்று பேர் ஒரே போனில் எழுதினால் டாக்ஸ் வரலாற்றில் ஒரே பெயர்தான் விழும். அதனால் பத்தி முடிவில் தலைப்பெழுத்து போடச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.