பழைய பீரோ வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

மதுரையில் பழைய வீட்டுச் சாமான் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகக் குடிபோகிறவர்களும், வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறவர்களும் கட்டாயம் படியுங்கள். பைபாஸ் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் ஒரு பீரோவைக் காட்டி விலை பேசினார்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் கொண்டுவந்து இறக்கியது வேறு பீரோ. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என் தங்கச்சி மகள் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். செல்லூரில் மாடி வீடு ஒன்று பிடித்தோம். அட்வான்ஸ் கொடுத்த கையோடு எல்லாவற்றையும் புதிதாக வாங்க முடியாது. பீரோ, கட்டில், சின்னதாக ஒரு பிரிட்ஜ், இவற்றைப் பழசாக வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம்.

எங்கள் அப்பா பீரோ பட்டறையில் வேலை பார்த்தவர். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே தகடு என்ன கேஜ், அதாவது எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 22 என்றால் 0.7, 24 என்றால் 0.56 மில்லிமீட்டர்தான். கேட்க இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் 24 கேஜ் கதவை உள்ளங்கையால் அழுத்தினால் அமுங்கித் திரும்பும். கொஞ்ச காலத்தில் கதவு தொங்கும், பூட்டு விழாது. 20 கேஜ் பீரோ பாட்டி வைத்திருந்தது பேத்திக்கும் ஆகும். பழைய பீரோவைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம். விலை குறைவு என்பது அதற்கு அப்புறம்தான்.

கடையில் பார்த்தது அப்படிப்பட்ட நல்ல பீரோ. கதவைத் தட்டினால் சத்தம் அடங்கி வந்தது. அடித்தகட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன், துரு இல்லை. இடது கதவின் உட்பக்கம் முன்பு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தார்கள். மேலே ‘மார்கழி’ என்று போட்டு, கீழே தேதி வாரியாக அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று வரிசையாக. தங்கச்சி மகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கதவைத் திறந்து வைத்து, அவள் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள். எங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி இப்போது அந்தப் படம்தான்.

கடைக்காரர் 12,500 சொன்னார். “அக்கா, இந்த வெயிட்டு இப்ப யாரும் போடுறதில்ல. இதே தகட்டுல புதுசாச் செய்யச் சொல்லிப் பாருங்க, எங்கேயோ போயிரும்” என்றார். அதில் உண்மை இருந்ததால்தான் 10,500-க்கு ஒத்துக்கொண்டோம். வண்டி வாடகை 700 தனி. சாயங்காலம் அனுப்புவதாகச் சொன்னவர்கள் ராத்திரி எட்டரைக்கு மேல் குட்டியானையில் ஏற்றி அனுப்பினார்கள். சுற்றிப் பழைய போர்வையும் பிளாஸ்டிக் தாளும் கட்டியிருந்தது. அப்போது வீட்டில் தங்கச்சி மகள் மட்டும்தான். இரண்டே பேர் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கனத்துக்கு நாலு பேராவது வேண்டும்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். வெளி நிறம் அதே சாம்பல்தான். பெயிண்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. கதவைத் திறந்தால் பால் கணக்கு இல்லை. கடையில் பார்த்த பீரோவில் லாக்கர் வலப்பக்கம், இதில் இடப்பக்கம். கதவை அழுத்தினால் தகடு உள்ளே போகிறது. அடிப்பக்கம் துருப்பிடித்துப் போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, மேலே பட்டி பூசி, அதன்மேல் ஸ்பிரே பெயிண்ட். பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. ஒரு சாண் மேலே வைத்தால் பிடித்துக்கொள்கிறது. பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. பழைய பீரோ, பழைய டூவீலர், எதை வாங்கப் போனாலும் பையில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப் போங்கள்.

அன்றைக்கே கடைக்குப் போனோம். “நீங்க பார்த்ததுதான் வந்துச்சுக்கா. உள்ளே ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சோம், எழுத்து மறைஞ்சிருக்கும்” என்றார். படத்தைக் காட்டி, லாக்கர் பக்கம் மாறியது எப்படி என்று கேட்டேன். அதன் பிறகு பேச்சு மாறியது. “அது வேற கஸ்டமருக்கு மாறிப் போயிருச்சு. இதுவும் அதே ரேட்டுதான். பில்லைப் பாருங்க, விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு போட்டிருக்கு.” அந்தப் பில்லில் ‘பழைய பீரோ – 1’ என்பதைத் தவிர எந்த விவரமும் இல்லை. நிறம், உயரம், தகடு எதுவும் எழுதவில்லை. எந்தப் பீரோவை அனுப்பினாலும் அந்த ஒரு வரி அவர்களுக்குப் பொருந்தும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஏமாற்று ஒரு கடையோடு முடிந்துபோனால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். பழைய சாமான் என்பது கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கான வழி. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தரையில் பரப்பி வைத்திருப்பதைக் குனிந்து பார்த்து, பேரம் பேசி, புதுசு விலையில் பாதிக்கும் கீழே வாங்கிப் பழகிய ஊர் இது. இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் நடப்பது வேறு. போனை எடுத்து ஆன்லைனில் புதுசு என்ன விலை என்று பார்க்கிறார்கள், அதில் ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துச் சொல்கிறார்கள். வாரண்டி கிடையாது, வண்டி வாடகை நம் தலையில், கழற்றிப் பூட்டுகிற செலவும் நம் தலையில். எல்லாவற்றையும் கூட்டினால் புதுசு விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நாங்கள் பார்த்த ஒரு கம்ப்யூட்டர் டேபிள் அப்படித்தான் இருந்தது.

சரக்கும் முன்பு மாதிரி இல்லை. கனமான தேக்குச் சாமான்கள் வந்தால் அவை நம் கண்ணில் படுவதற்கு முன்பே ஆன்டிக் வியாபாரிகள் கைக்குப் போய்விடுகின்றன. நமக்கு மிஞ்சுவது சில வருஷங்களுக்கு முன் மலிவாகச் செய்து விற்ற பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள். மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திச் செய்த பலகை அது. ஒருமுறை தண்ணீர் பட்டு ஊதிவிட்டால் பழைய நிலைக்கு வராது. ஒரு தடவை கழற்றிய ஸ்க்ரூ அதே ஓட்டையில் இறுகவும் செய்யாது. மேலே மரநிறத் தாள் ஒட்டியிருப்பதால் முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. டிராயரை முழுக்க வெளியே இழுத்து, அதன் பின்பக்கத்தையும் அடிக்காலையும் பாருங்கள். ஓரம் பொரிந்து தடித்திருந்தால் யார் என்ன சொன்னாலும் வேண்டாம்.

பிரிட்ஜ் விஷயத்தில் “இப்பத்தான் புதுசா கேஸ் போட்டிருக்கு” என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் உஷாராகிவிடுங்கள். பிரிட்ஜில் கேஸ் ஓடுவது மூடிய குழாய்க்குள். ஓட்டையோ பழுதோ இல்லாவிட்டால் அது குறையாது, திரும்பப் போட வேண்டிய தேவையும் வராது. எங்கே கசிந்தது, எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். தயாரித்த வருஷம் எந்தத் தகட்டில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டார் லேபிளில் அது எந்தக் காலத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும். ஸ்டார் கணக்கை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள் என்பதால் பழைய 5 ஸ்டார் இன்றைக்கு 5 ஸ்டார் ஆகாது. நாங்கள் கடைசியில் பிரிட்ஜைப் புதிதாகவே தவணையில் எடுத்தோம்.

பித்தளை, ஈயப் பாத்திரங்களுக்கும் இப்போது பழசு என்றாலே தனி விலை. பித்தளை என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஈயச் சொம்பைத் தெரியாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள். ரசம் வைப்பது வெள்ளீயத்தில். அதில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து உடம்புக்குள் போகும், குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.

பில் கேட்டால் “18 சதவீதம் கூட ஆகும், பரவாயில்லையா?” என்று மிரட்டுவதும் உண்டு. பழைய பொருளை வாங்கி, அதன் தன்மை மாறாமல் விற்கிற ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி, வாங்கும்போது தான் கொடுத்த ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளவில்லை என்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். முழு விலைக்கும் 18 என்று சொல்லிப் பில் கேட்பவரை விரட்டுவது நியாயமே இல்லை. பில்லில் பொருளின் நிறம், அளவு, தகடு, அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பணம் கட்டிய பிறகு பொருளின் அடியில் உங்கள் கையெழுத்தை மார்க்கரில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வண்டியோடு ஒருவர் கூடவே வரட்டும்.

‘வாபஸ் இல்லை’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. திரும்ப வாங்குவதற்குப் பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதே பிரிவில்தான் வருகின்றன.

நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தோம். அதன் பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. 4,000 தருகிறோம், பீரோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. முழுப் பணமும் வண்டி வாடகையும் வேண்டும், அவர்கள் வண்டியிலேயே இதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனுவோடு வைக்கப் போவது இவ்வளவுதான்: அந்த ஒற்றை வரிப் பில், ஜிபேயில் பணம் போன பதிவு, பதிவுத் தபால் ரசீது, இரண்டு பீரோக்களின் உட்பக்கப் படங்கள். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், சாமானைக் கழற்றுவதற்கோ பெயிண்ட் அடிப்பதற்கோ முன்னால் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.