ஹால் விழாவில் மது பார்: எந்த அனுமதி உங்களுக்குப் பொருந்தும்?

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஹால் எடுத்து விழா நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மது விற்கப்படுகிறதா, சும்மா கொடுக்கப்படுகிறதா என்பதைத்தான். மகள் கல்யாண வரவேற்பில் விருந்தாளிகளுக்கு நீங்களே வாங்கி ஊற்றினால் அது விற்பனை இல்லை. லாப நோக்கோடு யாரிடமும் காசு வாங்காத தனிப்பட்ட விருந்து என்றால் பாட்டுக்கும் அனுமதி வேண்டாம். ஆனால் டிக்கெட் விலைக்குள் ஒரு கிளாஸ் வைன் அடக்கம் என்று போட்டால் அதுவும் விற்பனைதான். நல்ல மனிதர்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விற்பது உறுதி என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமானது டெம்பரரி ஈவன்ட் நோட்டீஸ், அதாவது தற்காலிக நிகழ்ச்சிக்காகக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் அறிவிப்பு. கட்டணம் 21 பவுண்டு. கவுன்சிலுக்கு விழாவுக்கு 10 வேலை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளும் விழா நாளும் கணக்கில் சேராது. சனிக்கிழமை விழா என்றால் அதற்கு 15 நாள் முந்தைய வெள்ளிக்கிழமைதான் கடைசி. நடுவில் பேங்க் ஹாலிடே வந்தால் இன்னும் முன்னால் போக வேண்டும். காவல்துறையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் மட்டுமே ஆட்சேபிக்கலாம், அதுவும் 3 வேலை நாளுக்குள். ஆட்சேபித்தாலும் பேசி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விசாரணையில் உங்கள் தரப்பைச் சொல்லலாம்.

இதே 21 பவுண்டில் தாமத நோட்டீசும் உண்டு, விழாவுக்கு 9 முதல் 5 வேலை நாள் முன்பு வரை கொடுக்கலாம். ஆனால் அதில் ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும் கதை முடிந்தது, விசாரணையே கிடையாது. எங்கள் சங்க இரவு விருந்துக்கு ஒருமுறை இப்படித்தான் கடைசி நேரத்தில் கொடுத்தோம். இரைச்சலைக் காரணம் காட்டி ஆட்சேபம் வந்தது. வாங்கி அடுக்கிய பெட்டிகளைக் கடைக்கே திருப்பி எடுத்துப்போனோம். தாமத நோட்டீசை நம்பி அழைப்பிதழ் அடிக்காதீர்கள்.

நோட்டீசின் உண்மையான சிக்கல் வரம்புகளில் இருக்கிறது. ஒரே நேரத்தில் உள்ளே 499 பேர் வரைதான் இருக்கலாம். பரிமாறுபவர், ஒலி அமைப்பாளர், தொண்டர் எல்லாரும் அதில் அடக்கம். தனிநபர் லைசென்ஸ் (மது விற்பனைக்கு ஒருவர் தன் பெயரில் எடுக்கும் உரிமம்) இல்லாதவர் வருஷத்துக்கு 5 நோட்டீஸ்தான் கொடுக்கலாம், அதில் தாமதமானவை 2. மனைவி பெயரில் கொடுத்தாலும் ஒரே ஆளாகத்தான் எண்ணுவார்கள். ஒரு கட்டடத்துக்கு வருஷத்தில் 15 நிகழ்ச்சி, மொத்தம் 21 நாள். நவம்பரில் ஹால் பிடிக்கிறீர்களா? முன்பணம் கட்டும் முன் எத்தனை மீதம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த எண்ணிக்கைத் தொல்லை பிடிக்கவில்லை என்றால் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஹாலை எடுப்பது நிம்மதி. வாடகை கூடும், பாரும் பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும். குடும்ப விழாவுக்கு எனக்கு இதுவே பிடிக்கும். நிதி திரட்டும் விழாவுக்குப் பிடிக்காது, பார் வருமானம் கையை விட்டுப் போய்விடும்.

அப்புறம், மது இல்லாத கலைநிகழ்ச்சி. காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்குள் பார்வையாளர் என்றால் நடனத்துக்கும் நாடகத்துக்கும் அனுமதியே வேண்டாம். அரங்கேற்றம் வைக்கிற பெற்றோர் வீணாக 21 பவுண்டு கட்ட வேண்டியதில்லை.

499-ஐத் தாண்டும் மைதானத் திருவிழாவுக்குக் குறிப்பிட்ட நாளுக்கான பிரிமிசஸ் லைசென்ஸ், அதாவது இடத்துக்கான உரிமம்தான் வழி. வரிமதிப்பு இல்லாத திறந்த வெளிக்குக் கட்டணம் 100 பவுண்டில் தொடங்கும், கூட்டம் 5,000-ஐத் தொட்டால் பல மடங்காகும். இடத்தில் வெளிர்நீல அறிவிப்பு ஒட்ட வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரும் ஆட்சேபிக்கலாம். மது விற்க, தனிநபர் லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நாலைந்து மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், கவுன்சில் பூங்கா என்றால் அந்த இடத்துக்கே லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பல கவுன்சில்கள் தங்கள் பூங்காக்களுக்கு எடுத்து வைத்திருக்கின்றன.