கவர் பாடலுக்கு உரிமம் என்று சொல்லி 42,480 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

திங்கட்கிழமை இரவு என் இரண்டு பாடல்களும் எல்லா இசைச் செயலிகளிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டன. வெளியாகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. முறைப்படி உரிமம் பெற்றுத்தான் வெளியிட வேண்டும் என்று அதற்காகவே நான் கட்டிய பணம் 42,480 ரூபாய். இன்று காலை அந்தப் பணத்தை வாங்கிய சேவையிடமிருந்து வந்த கடைசிப் பதிலைப் படித்தபிறகு கை நடுங்குகிறது. கவர் பாடல், அதாவது ஏற்கெனவே வெளிவந்த பாட்டை நாம் புதிதாகப் பாடிப் பதிவுசெய்வது, வெளியிடும் எண்ணமுள்ளவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். 1960களில் வந்த இரண்டு திரைப்பாடல்களை, இடையிசை முழுவதையும் நாகசுவரத்துக்கு மாற்றிப் பாட வேண்டும் என்பது பல வருட ஆசை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்வான் மூன்று முறை பஸ் ஏறி வந்து வாசித்துக் கொடுத்தார். ஸ்டுடியோ ஏ.சி. குளிரில் சுருதி இறங்குகிறது என்று நாகசுவரத்தின் ஊதும் நாணலான சீவாளியை வாயிலேயே வைத்திருந்து, கை காட்டியதும் பொருத்தி வாசிப்பார். அப்படி உருவான பாடல்கள் இவை.

பாடல்களைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகச் சேவை, கவர் பாடல் என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேட்டது. தேடியபோது, கவர் பாடலுக்கு உரிமம் எடுத்துத் தரும் ஓர் இணையச் சேவை கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை. "உலகம் முழுவதும் செல்லும் உரிமம், பத்து வேலை நாளில்" என்று போட்டிருந்தார்கள். எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒருவர் அழைத்தார். நல்ல தமிழ். எந்தப் பாடல் என்று சொன்னதும், சரணத்தின் இரண்டாவது வரியைப் போனிலேயே மெல்லப் பாடிக் காட்டினார். கமகம் பிசகாமல் பாடினார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். இவ்வளவு பாட்டு தெரிந்தவர் பாட்டுக்காரியை ஏமாற்ற மாட்டார் என்று நம்பிவிட்டேன். இடையிசையை மாற்றியிருக்கிறேன், பரவாயில்லையா என்று இரண்டு முறை கேட்டேன். "அது உங்கள் கற்பனை மேடம், யாரும் கேட்க முடியாது" என்றார்.

ஒரு பாட்டுக்கு 18,000 வீதம் 36,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,480. ஆக 42,480 ரூபாய். எட்டாம் நாள் பொன்னிறக் கரையும் முத்திரையும் வைத்த இரண்டு பக்கச் சான்றிதழ் வந்தது. என் பெயரைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையதுதான்.

பாடல்கள் போன பிறகுதான், எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டினேன். முதல் பத்தியிலேயே விரலை வைத்தார். அதில் குறிப்பிட்டிருந்த 115ஆம் பிரிவு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு. எல்லை: அமெரிக்கா. பிரதிகள்: பாட்டுக்கு 100 தரவிறக்கம். காணொளிக்குச் செல்லாது. அந்தப் பிரிவின்படி 2025இல் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாடலுக்கு ஒரு பிரதிக்கு உரிமத்தொகை 12.7 சென்ட்தான். இரண்டு பாட்டுக்கும் சேர்த்து 25.40 டாலர், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். அதையாவது உரிமையாளருக்குக் கட்டினார்களா என்றால் அதற்கும் ரசீது இல்லை. ஸ்ட்ரீமிங்குக்கு அங்கே 2021 முதல் செயலி நிறுவனங்களே மொத்த உரிமம் எடுத்துக் கட்டிவிடுகின்றன. பாடுகிறவர் தனியாக வாங்க வேண்டியதே இல்லையாம். நான் 42,480 ரூபாய் கொடுத்தேன்.

நம் நாட்டில் இதற்கு வேறு சட்டம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவுதான் கவர் பாடல்களுக்கானது. முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இன்னொரு நிபந்தனை: பதிவுக்குத் தொழில்நுட்பரீதியாகத் தேவைப்படாத மாற்றம் எதையும் உரிமையாளர் சம்மதமில்லாமல் பாட்டில் செய்யக் கூடாது. இடையிசையைப் பற்றி நான் இரண்டு முறை கேட்டேனே! என்னைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே நேர்வழி, பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே கடிதம் வாங்குவதுதான். என் இரண்டு பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கு இவர்கள் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த உரிமச் சேவையை அழைத்தேன். 48 மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்றார்கள். புதன்கிழமை, இது விநியோகச் சேவையின் தவறு என்றார்கள். வியாழக்கிழமை, தங்கள் சட்டக் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். சரணம் பாடியவர் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை. இன்று வந்த பதில்: "கட்டணம் ஆவணம் தயாரித்துத் தந்ததற்கானது. பாடல் நீக்கப்படாது என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல. பணம் திரும்பத் தரப்படாது." இதற்கிடையே வித்வான் அழைத்து, பேத்திக்குப் போட்டுக் காட்டலாம் என்று தேடினால் பாட்டு வரவில்லை, தன் போனில்தான் கோளாறா அம்மா என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்வேன்?

வழிமுறைகளை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன், "உரிமையாளர் யார், அவர் கையெழுத்திட்ட கடிதம் எங்கே" என்று கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். சான்றிதழில் எந்த நாடு, ஒலியா காணொளியா, எத்தனை பிரதி என்று பாருங்கள். மூலப் பாட்டின் கரோக்கி டிராக்கின் மேல் பாடினால் அந்த ஒலிப்பதிவுக்கும் தனி அனுமதி வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். என்னிடம் 6,480 ரூபாய் வரி வாங்கிய பில்லில் எண்ணே இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். இணைய மோசடிக்கான 1930இலும் சொல்லியிருக்கிறேன். பொன்னிறக் கரை போட்ட இதே போன்ற சான்றிதழ் யாரிடமாவது இருந்தால், எல்லை என்ற வரியை இப்போதே எடுத்துப் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.